காலிக் குலையிலிருந்து எரிபொருள்: தடை எங்கே?

செம்பனைக் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்ற செய்தி நம் நாட்டில் அடிக்கடி வருகிறது. 2023இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி உருமாற்றத் திட்டவரைவும் உயிரி எரிசக்திக்கு முக்கிய இடம் தந்தது. ஆலைக்கு வரும் செம்பனைக் குலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, பழம் நீக்கிய காலிக் குலையாக மிஞ்சுகிறது. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பிறகு தடை எங்கே? நுண்ணுயிர் வளரும் சூழலில் ஒரு பகுதி விடை இருப்பதாக நான் கருதுகிறேன்.

காலிக் குலை நாரின் முக்கியக் கூறு செல்லுலோஸ். அது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. வழக்கமான முறையில் நொதிகள் சங்கிலியை அறுக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை எத்தனாலாக்கும். ஆனால், நொதிகளுக்கு ஏற்றது சுமார் 50 டிகிரி செல்சியஸ். ஈஸ்டுக்கோ 30 முதல் 35 வரை. ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஒத்துவராது.

கிளோஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியா இவ்விரு வேலைகளையும் தானே செய்கிறது. அதற்கு ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் வேண்டும். உயிர்வாயு அறவே கூடாது. இவை அமைந்தாலும் எத்தனால் மட்டும் கிடைப்பதில்லை. அசிட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம், ஹைட்ரஜன் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன.

எது கூடும், எது குறையும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. சர்க்கரை உடையும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களைப் பாக்டீரியா எங்கேனும் கொட்டியாக வேண்டும். ஹைட்ரஜன் வாயு தடையின்றி வெளியேறினால் எலக்ட்ரான்கள் அவ்வழியே போகும்; அசிட்டிக் அமிலம் பெருகும். வாயு கலத்திலேயே தேங்கினால் எத்தனால் கூடும். கலக்கும் வேகத்தை மாற்றினாலே விளைச்சலின் பங்கீடு மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்கையான இந்தப் பாக்டீரியா, தான் உண்டாக்கும் எத்தனாலையே அதிகம் தாங்காது. நீர்த்த எத்தனாலைக் காய்ச்சி வடிக்க எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

ஆய்வுக்கூடக் குடுவையில் இவற்றைக் கட்டுப்படுத்தலாம். நார் நிறைந்த பெருங்கலத்தில் சீராகக் கலக்குவதே கடினம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனம் வேறொரு நுண்ணுயிர் முறையில், சோளத்தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க 2015இல் பேராலை திறந்தது. 2017இலேயே அதை விற்க முடிவு செய்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், மூலப்பொருள் மலிந்து கிடப்பது மட்டும் ஓர் ஆலையைக் காப்பாற்றாது என்பது தெளிவு.

எனவே மாணவர்களே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை லிட்டர் கலத்தில் செய்தார்கள்? எத்தனால் எத்தனை விழுக்காடு கிடைத்தது? அதைப் பிரிக்க எவ்வளவு எரிசக்தி செலவானது? விடை இல்லையென்றால், அது இன்னும் ஆய்வுக்கூடச் செய்திதான். அதை ஆலைக்குக் கொண்டுசெல்ல உயிரியலும் இரசாயனப் பொறியியலும் சேர்ந்து தெரிந்தவர்கள் தேவை. உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் உங்களுள் சிலர் அத்துறையை நாடலாமே!