இறுகும் கலவைக்குத் தண்ணீர் பரிகாரமாகுமா?

சித்தூரிலிருந்து பலமநேருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பங்காருபாளையம், மாம்பழ வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது. பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையின் கட்டுமானப் பிரிவுகளுள் பைரெட்டிப்பள்ளியிலிருந்து வருவது இங்கு முடிவுற, குடிபாலா நோக்கிச் செல்வது இங்கிருந்தே தொடங்குகிறது. கோடையில் இத்தகைய இடங்களில் பாலத்திற்கும் மதகிற்கும் கான்கிரீட் இடுவோர் யாவரும் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. கலக்கும்போது இளகியோடிய கலவை சிறிது நேரத்தில் விறைத்துக் கரண்டிக்கு இணங்காமற் போகிறது. வெயிலில் நீர் வற்றிவிட்டதென்று கூறி, உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படுகிறது.

இது பாதி உண்மையே. காற்றுப் புகாமல் மூடிவைத்த சிமெண்டுக் குழம்பும் விறைக்கத்தான் செய்கிறது. அதன் காரணத்தை ரசாயனத்தில் தேடவேண்டும்.

சிமெண்டில் உள்ள டிரைகால்சியம் அலுமினேட் நீர் பட்ட சில நிமிடங்களிலேயே வினைபுரியும் இயல்புடையது. தடையேதுமின்றி விட்டால், தகடு போன்ற படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி, கலவை வெப்பம் கக்கிக்கொண்டு கல்லாகிவிடும். இது திடீர் இறுக்கம். இதனைத் தவிர்க்கவே ஆலையில் சிமெண்டுக் கட்டிகளுடன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சம் தரும் சல்பேட்டு, அலுமினேட்டுடன் கூடி எட்ரிங்கைட் என்னும் நுண்படிகங்களாகத் துகளின் மேல் படர்ந்து வினையைத் தாமதப்படுத்துகிறது. அதன்பின் வரும் ஓரிரு மணி நேர அமைதியிலேதான் கலவையை ஏற்றிச் செல்வதும் கொட்டுவதும் இயலுகின்றன. உஷ்ணம் ஏற ஏற இவ்வவகாசம் குறுகுகிறது.

ஜிப்சமும் சில வேளை ஏமாற்றும். அரைவை எந்திரத்தில் சூடு மிகுந்தால் அது தன் நீரின் பெரும்பகுதியை இழக்கிறது. பின்பு கலவை நீரில் மீண்டும் ஜிப்சமாகப் படிகமாகிக் குழம்பை விறைக்கச் செய்கிறது. இதுவே பொய் இறுக்கம். இதில் வெப்பம் அதிகம் எழுவதில்லை. நீர் சேர்க்காமல் மீண்டும் நன்கு கலக்கினாலே இளக்கம் திரும்பிவிடும். திடீர் இறுக்கமோ எவ்வளவு கலக்கினும் இளகாது. ஒரு வாளித் தண்ணீரை எடுக்குமுன் இரண்டு நிமிடம் கலக்கிப் பார்ப்பதும், கலவையின் உஷ்ணத்தை அளப்பதும் எத்துணை எளியவை! ஆயினும் இவற்றைச் செய்வோர் சிலரே.

அந்த வாளியின் விலை சிறிதன்று. ஒரு கன மீட்டரில் 300 கிலோ சிமெண்டும் 150 லிட்டர் நீரும் இருப்பின் விகிதம் 0.50; மிதமான சூழலில் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 456 (2000) விதிக்கும் உச்ச வரம்பும் அதுவே. பதினைந்து லிட்டர் கூடினால் விகிதம் 0.55 ஆகிறது. நீர் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்பதை ஆப்ரம்ஸ் என்னும் அமெரிக்கர் 1918-லேயே நிறுவினார்.

இளக்கம் கூட்டும் மருந்துகளும் இதே அலுமினேட்டுக்கு ஆட்பட்டவையே. நாப்தலீன் சல்போனேட் வகையை முதல் நீருடனே சேர்த்தால் அதில் ஒரு பகுதியை அலுமினேட் கவர்ந்துகொள்கிறது. சில நிமிடம் தாழ்த்திச் சேர்த்தால் அதே அளவு மருந்து கூடுதல் இளக்கம் தருகிறது. மேஸ்திரி இதைக் கைப்பழக்கத்தில் கண்டிருக்கலாம். காரணத்தை அவருக்கு எடுத்துச் சொல்வது களப் பணியாளரின் பொறுப்பாகும்.

கூம்புச் சோதனையில் கலவை எத்தனை மில்லிமீட்டர் சரிந்தது என்று மட்டும் குறிக்கும் பதிவேடு குறையுடையது. நீர் சேர்த்து எத்தனை நிமிடமாயிற்று, கலவையின் உஷ்ணம் யாது என்ற இரு பத்திகளும் அதில் இடம்பெற வேண்டும். காற்றின் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்தால் கோடைக்கால வேலைக்குரிய தனி விதிகள் உள்ளன. நீரைக் குளிர்வித்துக் கலப்பதும், வெயில் தாழ்ந்தபின் கான்கிரீட் இடுவதும் வாளித் தண்ணீரைவிட நல்ல வழிகள்.

பள்ளியிலும் இதனைக் காட்டலாம். ஒரே அளவில் கலந்த சிமெண்டுக் குழம்பை மூடியுள்ள இரு கிண்ணங்களில் இட்டு, ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றதை வெதுவெதுப்பான நீரிலும் வைத்து, பத்து நிமிடத்திற்கொருமுறை குச்சியால் கிளறச் செய்தால் போதும். இரண்டிலும் நீர் வற்ற வழியில்லை. எனினும் வெதுவெதுப்பில் இருப்பதே முந்தி விறைப்பதை மாணவர் தம் கையாலேயே உணர்வர்.