கதவுக்குள் பெய்யும் மழை

நூல்களைப் பற்றியே எழுதிவரும் இவர்கள், கார்க் கதவைக் கழற்றுவது பற்றி எழுதப் புகுந்தது ஏனென்று வாசகர்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையும் நூல்களிலிருந்தே தொடங்குகிறது. நனைந்துபோன நூல்களிலிருந்து.

எங்கள் பயணங்களுக்கெல்லாம் துணையாக இருப்பது இருபது வயதைத் தாண்டிய ஒரு சிறிய கார். கண்ணாடிகளைக் கையால் சுழற்றித்தான் ஏற்றி இறக்க வேண்டும். ஓர் ஐப்பசி மாலையில், முதிய தமிழாசிரியர் ஒருவரின் இல்லத்திலிருந்து, பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுதிகள் பதினொன்றை இரவல் பெற்றுத் திரும்பினோம். வீடு சேர நள்ளிரவாகிவிட்டது. காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று, பெட்டியைப் பின்னிருக்கையின் முன்னே தரையிலேயே விட்டுவிட்டு, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிக் கதவைப் பூட்டினோம். இரவெல்லாம் மழை. விடிந்து பார்த்தபோது பெட்டியின் அடிப்பகுதி தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மூன்று தொகுதிகள் நனைந்திருந்தன. கண்ணாடிகளோ ஏற்றியது ஏற்றியபடியே இருந்தன. பிறகு நீர் எங்கிருந்து வந்தது?

விடை ஆறு மாதங்களுக்கு முன்னால் இருந்தது. அந்தப் பின்கதவின் கண்ணாடி ஒருநாள் திடீரென உள்ளே விழுந்துவிட, ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினோம். அரைமணி நேரத்தில் கதவின் உட்பலகையைப் பிரித்து, பட்டறைகளில் 'கிளாஸ் மெஷின்' என்று வழங்கும் ஏற்றுபொறியை மாற்றி, மூடிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி ஏறியது, இறங்கியது. மகிழ்ந்து பணம் கொடுத்துவிட்டு வந்தோம். பலகைக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் தாள் அந்த அவசரத்தில் கிழிக்கப்பட்டுக் குப்பைக்குப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை.

அந்தத் தாளின் அருமை தெரிய வேண்டுமானால் கதவின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். கார்க் கதவு ஒற்றைத் தகடு அன்று. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவே வெற்றிடம். கண்ணாடி இறங்கி நிற்பது அந்த இடத்தில்தான். கண்ணாடியின் வெளிப்புறத்தை ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை, வழிந்துவரும் நீரில் பெரும்பகுதியைத் துடைத்து வெளியே தள்ளும். எஞ்சியது கதவுக்குள் இறங்கியே தீரும். இது பழுதன்று, புத்தம் புதிய வண்டியிலும் அப்படித்தான். இறங்கிய நீர், கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே தரைக்குப் போய்விடும். போகிற வழியில் அது இருக்கைப் பக்கம் திரும்பாமல் காப்பதே அந்தப் பிளாஸ்டிக் தாள். உள்தகட்டின் பெரிய திறப்புகளை மூடுமாறு அதைப் பசை கொண்டு ஒட்டி, கீழ்விளிம்பைத் தகட்டுக்கு உட்புறமாகச் செருகியிருப்பார்கள். பார்வைக்கு அது வெறும் உறை. செய்வதோ கூரையின் வேலை.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்தார். முதலில் நோய் இன்னதென்று அறிய வேண்டும். அடுத்து அதன் காரணம், அதன்பின் தணிக்கும் வழி, கடைசியில்தான் செயல். எங்கள் கதவுக்கு நடந்ததில் முதலும் கடைசியும் மட்டுமே இருந்தன. கண்ணாடி விழுந்தது நோய். பொறியை மாற்றியது சிகிச்சை. பொறி ஏன் தேய்ந்தது என்று எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவர் கூடி, கதவை நாங்களே திறப்பதென்று துணிந்தோம். எங்களிடம் இருந்தவை ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர் செட், ஒரு பழைய வேட்டித் துண்டு. வேட்டித் துண்டு எதற்கு என்கிறீர்களா? கண்ணாடியைச் சுழற்றும் கைப்பிடியில் வெளியே தெரியும்படி திருகாணி எதுவும் இல்லை. கைப்பிடிக்கும் அதன் பின்னுள்ள வட்டத் தட்டுக்கும் இடையில், குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் ஒளிந்திருக்கிறது. துணியை அந்த இடுக்கில் நுழைத்து, குளித்தபின் முதுகு துடைப்பதுபோல் இருபுறமும் மாறிமாறி இழுத்தால், துணி கிளிப்பின் முனையைப் பற்றி வெளியே தள்ளிவிடும். பெருத்த பலம் வேண்டியதில்லை. தெறித்து ஓடும் கிளிப்பைப் பிடிக்க ஒருவர் விழிப்புடன் நின்றால் போதும்.

அடுத்து, கதவை இழுத்து மூடும் பிடியின் திருகாணிகள். அதன்பின் பலகையின் விளிம்பெங்கும் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள். இவற்றைப் பெயர்க்கும்போது நெம்புகோலைக் கிளிப்புக்கு மிக அருகில் கொடுக்க வேண்டும். தள்ளி வைத்து நெம்பினால் கிளிப் நிற்கும், பலகை கிழியும். பழைய வண்டிகளில் இந்தப் பலகை பெரும்பாலும் அழுத்திய மரநார் அட்டை. எங்களுடையதன் கீழ்ப்பாதி, நீர் குடித்துக் குடித்துப் பழைய நூலின் அட்டைபோல் உப்பியிருந்தது. கடைசியாகப் பலகையை மேல்நோக்கித் தூக்கி எடுத்தோம். கதவு தன் உள்ளத்தைக் காட்டியது.

அங்கே கண்டவை நான்கு. தாள் இருந்த இடத்தில் காய்ந்த பசையின் தடம் மட்டும் இருந்தது. அடித்துளைகள் மூன்றில் இரண்டு, சேறும் வேப்பிலைச் சருகும் அடைத்துக் கிடந்தன. கண்ணாடி ஓடும் இருபக்கக் கால்வாய்களின் ரப்பரும் கம்பளிப் பட்டையும் காய்ந்து கல்லாகியிருந்தன. ஆறே மாதம் ஓடிய புதிய பொறியின் பற்களில் அதற்குள் தேய்மானம் தெரிந்தது. காரணம் அப்போதுதான் விளங்கிற்று. இறுகிய கால்வாயில் கண்ணாடி சிக்குகிறது. நாம் கைப்பிடியை மேலும் வலிந்து சுழற்றுகிறோம். அந்த வலுவெல்லாம் பற்களின்மேல் விழுகிறது. கால்வாயைக் கவனியாமல் எத்தனை பொறி மாற்றினாலும் கதை இதேதான்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுமுன், அது விழாதபடி மேல்சட்டத்தோடு சேர்த்து நாடாவால் ஒட்டினோம். கால்வாய் ரப்பர்களை மாற்றி, சிலிக்கோன் தெளித்தோம். அங்கே எண்ணெய் இடக்கூடாது. அது புழுதியைப் பிடித்து மீண்டும் இறுக்கிவிடும். பற்களுக்கு மட்டும் கிரீஸ் தடவினோம். துளைகளைத் தூர் எடுத்தோம். கனத்த பாலித்தீன் தாளைக் கதவின் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் நாடாவால் ஒட்டினோம். தகட்டின் விளிம்புகள் கத்திபோல் கூர்மையானவை. கையுறை அணியாத ஒருவர் அதற்கு ரத்தத்தால் சான்று பகர்ந்தார். தாள், நாடா, கிளிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல நாவலின் விலைகூட ஆகவில்லை.

இதைச் சொல்வது பட்டறைக்காரரைப் பழிக்க அன்று. அன்று அவர் அருகில் நின்றுகொண்டு, இலக்கியக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவரை விரட்டியவர்கள் நாங்கள்தாம். விரைவுக்குக் கூலி கொடுத்தோம், விரைவு கிடைத்தது. தாளைத் திரும்ப ஒட்டுவதற்கு ஆகும் பத்து நிமிடத்தின் மதிப்பை அறியாத வாடிக்கையாளருக்கு, அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவார்?

எல்லோரும் தம் வண்டியைத் தாமே பழுதுபார்க்கத் தொடங்கினால் மெக்கானிக்குகளின் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. உடைமையாளன் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே கருத்து. திறந்து பார்த்தவனுக்குத்தான் எதைக் கேட்க வேண்டும், எதற்குக் கூடுதல் கூலி தர வேண்டும் என்பது தெரியும். நல்ல தொழிலாளிக்கு அவனே நல்ல வாடிக்கையாளன்.

திறந்து பார்க்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் கையேடுகளும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை என்ற வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மேல் மேல்முறையீடுகளும் எழுந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், வாகனங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2012-லேயே வாக்களித்தார்கள். நம் நாட்டு நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலைத் திறந்தது. அதன் நான்கு துறைகளுள் வாகனமும் ஒன்று. நல்ல தொடக்கந்தான். எனினும் நாங்கள் வேண்டுவது இன்னும் எளியது. கதவின் உட்புறத்தைக் காட்டும் ஒரு வரைபடம், எந்தக் கிளிப் எங்கே என்ற குறிப்பு, அந்தத் தாளை ஏன் எறியக்கூடாது என்று நல்ல தமிழில் ஒரு பத்தி. வண்டியோடு தரும் கையேட்டில் இதற்கு இடமில்லாமல் போகாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இக்காலத்துக் கார்கள் சிலவற்றில், பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரிகள் கதவுக்குள் இருக்கின்றன. அவ்வகைக் கதவில் திறப்புகள் சரிவர மூடப்படாவிட்டால் உயிர்காக்கும் காற்றுப்பையின் செயலே பிழைக்கக்கூடும். அங்கே எங்கள் வேட்டித் துண்டு வித்தை வேண்டா. நாங்கள் பேசுவது, அம்பாசடர், மாருதி 800 என 2014-ஆம் ஆண்டோடு தயாரிப்பு நின்றும் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தலைமுறையைப் பற்றி.

நனைந்த தொகுதிகள் என்னவாயின? தாள்களுக்கு இடையே மையொற்றும் தாள் வைத்து, வெயிலில் இடாமல், விசிறிக் காற்றில் நாட்கணக்கில் உலர்த்தினோம். இரண்டு, கறையோடு பிழைத்தன. வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்கள் மிகுந்த மூன்றாவது தொகுதியில், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி, ஒருமுறை தடவிப் பார்த்து, அலமாரியில் அதன் பழைய இடத்திலேயே வைத்தார். அடுத்தமுறை இரவல் தந்தபோது, ஒவ்வொரு நூலையும் தம் கையாலேயே பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தந்தார்.

மழைக்காலம் வருமுன் வாசகர்கள் ஒன்று செய்யலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதன் வெளிப்புறத்தில் ஒரு சொம்பு நீரை மெல்ல ஊற்றுங்கள். சற்று நேரத்தில் கதவின் அடியிலிருந்து நீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் துளைகள் அடைத்திருக்கின்றன. கால்மிதி நனைந்தால் தாள் இல்லை. அடுத்த மழைக்குக் காத்திராமல் அன்றே கதவைத் திறந்துவிடுங்கள்.