எட்டாத உயரத்தில் ஸ்விட்ச் எதற்கு?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கவும் ஆகாய கங்கையைக் காணவும் வருகிற அன்பர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனால் மலைமேல் ஒருவர் மின்சாரத்தால் தாக்குண்டால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வளைவும் ஒரு தாமதம் அல்லவா? ஆகவே, விபத்து வந்தபின் ஓடுவதைவிட, வராமல் தடுப்பதே மலைவாசிகளுக்கு உகந்தது.

சாமையையும் தினையையும் உரலில் இட்டுக் கை ஓயக் குத்திய காலம் போய், இன்று மலையிலும் அரைவை இயந்திரங்கள் வந்துவிட்டன. குளிருக்கு அஞ்சும் விருந்தினருக்காக விடுதிகளில் வெந்நீர்க் கொதிகலன்களை உயரத்தில் மாட்டுகிறார்கள். பள்ளிகளில் மின் விசிறி, சமையற்கூடங்களில் புகையை இழுக்கும் விசிறி. எல்லாம் கூரையை ஒட்டியே. இவற்றை மாட்டும்போது இருக்கும் அக்கறை, அணைக்கும் ஸ்விட்சை எங்கே வைப்பது என்பதில் இருப்பதில்லை.

சிலர் இயந்திரத்தின் பக்கத்திலேயே கூரையோரம் வைத்துவிடுகிறார்கள். பழுது பார்க்க ஏறுகிறவருக்குக் கைக்கெட்டும் என்பது அவர்கள் வாதம். அது பழுது பார்க்கும் நாளுக்குச் சரி. மோட்டார் புகைந்து தீப்பொறி பறக்கும் நாளில் ஏணியைத் தேடுவதா, ஸ்விட்சைத் தேடுவதா? வேறு சிலரோ அடுத்த அறையில் வைக்கிறார்கள். வயர்மேன் ஏணிமேல் நிற்கிறார். விஷயம் அறியாத ஒருவர், "விசிறி ஓடவில்லையே" என்று அங்கே ஸ்விட்சைத் தட்டிவிடுகிறார். சிறு அதிர்ச்சிதான் என்றாலும், ஏணியிலிருந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. மோட்டாரின் சப்ளை முழுவதையும் துண்டிக்கும் ஸ்விட்ச் அதன் அருகிலேயே, பொறுப்பாளர் எளிதில் அடைந்து இயக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் கூறின. 2010-இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் அதையே வலியுறுத்தின. அமெரிக்க மின்விதித் தொகுப்போ, இயந்திரம் இருக்குமிடத்திலிருந்து ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 50 அடிக்கு அப்பால் போகக் கூடாது என்று 'கண்ணெதிரே' என்ற சொல்லுக்கே அளவு வகுத்திருக்கிறது.

நமது கருத்து இதுதான்: இயந்திரம் கூரையில் இருக்கட்டும், ஸ்விட்ச் அதே அறையில், வாசலருகே, மார்பளவு உயரத்தில் இருக்கட்டும். ஏணிமேல் நிற்பவர் திரும்பினால் அது தெரிய வேண்டும். அதற்குக் கீழே மூட்டை அடுக்குவதோ, அலமாரி வைப்பதோ கூடாது. பெரிய மோட்டாரானால், அணைத்த நிலையில் பூட்டுப் போடும் வசதியும் வேண்டும். ஏறுகிறவர் சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. சுவரிலுள்ள சாதாரண ஸ்விட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. தவறுதலாக அது நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால், விசிறி நிற்கும். மின்சாரமோ மேலே காத்திருக்கும்! ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைப்பதும் காப்பாகாது. பழுது பார்க்குமுன் இரு கம்பிகளையும் துண்டிக்கும் ஸ்விட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு சில கெஜம் கம்பியும் அரை நாள் கூலியுமே. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்குகிறவருக்கு இது பெரிதல்ல. மலையில் புதிதாக மில்லோ விடுதியோ கட்டுகிறவர்கள், சுவரைப் பூசுமுன் வயர்மேனை நிறுத்தி, "ஸ்விட்ச் எங்கே வரும்?" என்று கேட்கட்டும். பூசியபின் கேட்டால், "அடுத்த முறை பார்க்கலாம்" என்பதே பதிலாகும்.