நகைக்கடை வாசலில் நம் கவிஞர்கள்

நகைக்கடைக் காவலாளியைப் பற்றி இனி ஒரு கவிதை வந்தால் அதைப் படிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிடும் உரிமை எனக்கு வேண்டும். கண்ணாடிக் கதவு, உள்ளே மஞ்சள் ஒளி, வெளியே தொப்பியும் சீருடையுமாக ஒரு மனிதர், கடைசி வரியில் அவர் கண்ணில் வெறுமை. இது ஒரு வாய்பாடாகிவிட்டது. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், அவர் வெறும் காவலாளி அல்ல, மனித இருப்பின் குறியீடு என்று எனக்கு விளக்கினார். காஃப்காவையும் துணைக்கு அழைத்தார். காஃப்காவிடம் பிறகு வருகிறேன்.

கடை முதலாளியும் நண்பர் சொல்வதையேதான் சொல்கிறார் என்பது என் முதல் ஆட்சேபம். அவருக்கும் வாசலில் நிற்பவர் ஒரு குறியீடுதான். ‘இங்கே விலையுயர்ந்த பொருள் இருக்கிறது’ என்று தெருவுக்கு அறிவிக்கும் குறியீடு. விளக்கு, குளிர்சாதனம், வாசலில் தரும் சந்தனம், அந்த வரிசையில் இவரும் ஒன்று. பொருளைக் காப்பது இவர் வேலையென்று முதலாளி உண்மையிலேயே நம்பினால் இவரை அங்கே நிறுத்தியிருக்க மாட்டார்.

திருடர்கள் வாசல் வழியாக வருவதில்லை. 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு பெரிய நகைக்கடையில் சுவரில் துளை போட்டு இருவர் உள்ளே போனார்கள். முகத்தில் பொம்மை முகமூடி. போகும்போது மோப்ப நாய்க்காக மிளகாய்ப்பொடி தூவினார்கள். போன நகைகளின் மதிப்பு சுமார் 13 கோடி ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது. அன்றிரவு காவலர்கள் இல்லாமலில்லை, இருந்தார்கள். காலையில் கடை திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2021 டிசம்பரில் வேலூரில் மறுபடியும் சுவர், மறுபடியும் துளை. இம்முறை சிங்க முகமூடி, காமிராக்களுக்குப் பெயிண்ட். சுமார் 15 கிலோ தங்கம் போயிற்று. அது ஒடுகத்தூர் மயானத்தில் புதைத்த இடத்திலிருந்து மீட்கப்பட்டது. காமிராவைச் சுவரில் மாட்டினார்களே தவிர, சுவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒரு சுவரின் கனம், அடுத்த கட்டடம் யாருடையது, அங்கே இரவில் யார் நடமாடுகிறார்கள், அதிர்வை உணரும் கருவி உண்டா, அது அலறினால் எழுந்து வருவது யார் - பாதுகாப்பு என்பது இந்தச் சலிப்பூட்டும் கேள்விகளின் பட்டியல். இதில் ஒன்றைக்கூட வாடிக்கையாளரிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது. அதனால்தான் இதற்குச் செலவழிக்க மனம் வருவதில்லை.

கருவி அலறினால் மட்டும் போதாது என்பதற்கு லண்டன் சாட்சி. 2015 ஈஸ்டர் விடுமுறையில் நகை வியாபாரிகளின் தெருவான ஹாட்டன் கார்டனில், பெட்டகக் காப்பறையின் அரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரை வயதான திருடர்கள் சிலர் துளைத்தார்கள். அலாரம் அடித்தது. காவலர் வந்தார், வெளியிலிருந்து பார்த்தார், கதவு பூட்டியிருந்தது, போய்விட்டார். போலீஸ் வரவேயில்லை. திருடர்கள் நிதானமாக மறுநாளும் வந்து வேலையை முடித்தார்கள்.

வாசல் வழியாக வருகிறவர்களும் உண்டுதான். எப்படி வருகிறார்கள்? 2009 ஆகஸ்டில் லண்டன் நியூ பாண்ட் தெருவில் கிராஃப் வைரக்கடைக்கு இருவர் நல்ல சூட் அணிந்து வந்தார்கள். தொழில்முறை ஒப்பனைக்காரர் ஒருவரிடம் முகத்தை மாற்றிக்கொண்டு வந்தவர்கள். உள்ளே போனபின் துப்பாக்கி வெளியே வந்தது. கிட்டத்தட்ட நான்கு கோடி பவுண்டு. அவர்கள் கசங்கிய வேட்டியோடு போயிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பார்கள். பாரிஸில் ஹாரி வின்ஸ்டன் கடையில் 2008 டிசம்பரில் நடந்ததில் கொள்ளையரில் சிலர் பெண் வேடத்தில் வந்தார்கள். உள்ளிருந்து உதவியவர் கடையின் காவலர். நமக்கு இதில் புதிதாக ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைக்குள் செல்வாக்குள்ள பொற்கொல்லன், வெட்டுப்பட்டவன் வெளியூர்க்காரன்.

ஆகவே கண்ணாடிக் கதவருகே நடப்பது வேறு வேலை. ஆட்களைத் தரம் பிரிக்கும் வேலை. காரிலிருந்து இறங்குகிறவருக்குக் கதவு முன்கூட்டியே திறக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அரை பவுன் தோடு வாங்க மஞ்சள் பையில் பணத்தோடு வருகிற கிழவருக்கு ஒரு கணம் தாமதிக்கிறது. அந்த ஒரு கணத்தைத்தான் முதலாளி சம்பளம் கொடுத்து வாங்குகிறார். இதில் குரூரம், அந்தக் கணத்தைச் செயல்படுத்த வேண்டியவர் கிழவரைவிட ஏழை என்பது. அவர் ஊர் ஒடிசாவாகவோ அஸ்ஸாமாகவோ இருக்கலாம். மூடப்பட்ட மில்லிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். கடைச் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இராது. ஏதோ ஒரு ஏஜென்சியின் பட்டியலில் இருக்கும்.

பாதுகாப்பே வேண்டாமென்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். வங்கியில் வேலை பார்ப்பவன் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவிகள். இரண்டும் ஒருவரிடம் இருக்கக் கூடாது. கேஷியர் இல்லாமல் அதிகாரி திறக்க முடியாது, அதிகாரி இல்லாமல் கேஷியர் திறக்க முடியாது. நீ என்னைத் திருடன் என்கிறாயா என்று இதுவரை யாரும் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. சந்தேகம் அங்கே மேலிருந்து கீழ்வரை சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. லாக்கர்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்டு 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிகளைப் பாருங்கள். தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு என்று நிர்ணயிக்கிறது. எங்களையும் தீயையும் ஒரே வரியில் வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அது நேர்மையான சந்தேகம். ஆடம்பரக் கடையின் சந்தேகமோ செருப்பைப் பார்த்து எழுவது. இரவு கடை மூடும்போது விற்பனைப் பெண்ணின் கைப்பையைத் திறந்து பார்ப்பது. மேலே ஏறவே ஏறாது.

சரி, அந்த மனிதரையே பார்ப்போம். தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த மத்திய மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி வேண்டும் என்கின்றன. உங்கள் தெருமுனைக் கடையில் நிற்பவரிடம், எத்தனை மணி நேரம் பயிற்சி தந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் டியூட்டி பன்னிரண்டு மணி நேரம், பன்னிரண்டும் நின்றபடி. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி இங்கே 2021-லும் சட்டம் செய்தார்கள். உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்ட தேசம் இது. அதற்காகத் துணிக்கடைப் பெண்கள் கேரளத்தில் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குப் பின்சுவரில் கேட்கும் சத்தத்துக்கு எழுந்து போவாரா? கொள்ளை நடந்துவிட்டால் முதலில் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுகிறவர் மட்டும் அவர்தான்.

இந்த இடத்தில் நம் கவிஞர் வருகிறார். வந்து, அவர் கண்ணில் வெறுமையைக் காண்கிறார். அது தூக்கம், ஐயா. முதலாளி அவரை அலங்காரமாக்கினார், நீங்கள் படிமமாக்கினீர்கள். அவருடைய காலை இருவருமே பார்க்கவில்லை.

காஃப்கா பார்த்தார். அவர் 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா வேலையிலிருந்து உயர்ந்தவர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டு இருந்தால் விரல் போகும், உருளைத் தண்டு இருந்தால் தப்பும் என்று படங்களோடு அறிக்கை எழுதியவர். 1915-இல் வெளியான ‘சட்டத்தின் முன்’ கதையை நண்பர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். வாயிற்காவலன், கதவு, காத்திருக்கும் கிராமத்தான், தரிசனம் எல்லாம் சொன்னார். ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் காவலன் கிராமத்தானுக்கு உட்கார ஒரு ஸ்டூல் தருகிறான். கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொல்கிறான். கிராமத்தான் வருடக்கணக்காக அதில் உட்கார்ந்திருக்கிறான். நண்பர் தம் அடுத்த கவிதையை அனுப்புவதற்கு முன் தி. நகருக்குப் போய், ஏதாவது ஒரு கடை வாசலில் அப்படியொரு ஸ்டூல் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வரட்டும். பனகல் பூங்காவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்கிற தூரந்தான்.