புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவானாலும் வேறெந்த ஊர்ப் பாத்திரக் கடையானாலும் பழைய செம்புக்கு எடைதான் விலை. கொல்லையில் அகப்பட்ட பச்சை படிந்த உலோகம் தராசில் ஏறினால் அடுத்து போகுமிடம் உலை. அது என்ன என்ற கேள்வியும் அங்கேயே உருகிவிடும்.

2019 கடைசியில் கிளிமானூர் அருகே அப்படி நடக்கவில்லை. நிலத்தைக் கிளறியபோது ஒரு பானை. உள்ளே களிம்பேறிய 2,595 செப்புக் காசுகள். எடை 20 கிலோவுக்கு மேல். கண்டெடுத்தவர் போலீசுக்குச் சொல்ல, தொல்லியல் துறையினர் வந்தார்கள். எல்லாம் திருவிதாங்கூர் நாணயங்கள்: ஸ்ரீமூலம் திருநாள் (1885-1924), சித்திரைத் திருநாள் (1931-1949) காலத்தவை.

16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவில் சந்தையிலும் இதே கணக்குத்தான்.

இக்காசுகளை அடையாளம் காட்டுவது சங்கு முத்திரையும் எழுத்தும். புளியின் அமிலம் களிம்போடு இவற்றையும் அரிக்கும். எனவே தேய்க்க வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்து, கலெக்டருக்குத் தெரிவிக்கலாம். தெரிவிப்பது கடமையும்கூட: 1878இன் இந்தியப் புதையல் சட்டம், 1968இன் கேரளச் சட்டம் இரண்டும் அதைத்தான் சொல்கின்றன.

எடையை எந்தக் கடைக்காரரும் சொல்வார். வயதைச் சொல்ல, எழுத்து மிச்சமிருக்க வேண்டும்.