இரு தேர்தல்களும் ஒரே கட்டளையும்

2022 யூலையில் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச நாட்டை விட்டோடிப் பதவி துறந்தார். ஆட்சித் தலைவன் வீழ்ந்தானேயன்றி, மக்களின் வாக்குரிமை உடனே மீளவில்லை. 2023 மார்ச் 9ஆந் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்னுஞ் சாட்டில் நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிற் தீர்ப்பளித்தது.

பின்னர் இரு தேர்தல்கள் நடைபெற்றன. 2024 நவம்பர் 14இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளால் வென்றது. இது செல்லுபடியான வாக்குகளில் நாலிலொரு பங்கே. எஞ்சியவை எண்ணற்ற கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்குமாகச் சிதறின. 2025 மே 6இல் அதே வாக்காளர் குடாநாட்டின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சியை முன்னிறுத்தினர்.

முதல் முடிவைக் கண்டோர், தமிழர் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டனர் என்றனர். இரண்டாவதைக் கண்டோர், பழைய தலைமைகளின் பிழைகள் யாவும் மன்னிக்கப்பட்டன என்றனர். இரண்டும் தவறு. மக்கள் முதலிற் பிளவைத் தண்டித்தனர்; பின்னர் மண்ணைக் காக்க ஆணையிட்டனர்.

அவ்வாணையின் காரணம் வெளிப்படை. வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை நாட்டுமாறு 2025 மார்ச் 28இல் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. போரில் உறுதிகளை இழந்தவனும் கடல்கடந்து வாழ்பவனும் மூன்று மாதத்தில் எதனை நாட்டுவான்? எதிர்ப்பெழுந்த பின்னரே அது மீளப்பெறப்பட்டது.

எனினும், பிரதேச சபை வீதியையும் வடிகாலையும் சந்தையையும் பேணலாம். காணிப் பிரச்சினையைத் தீர்க்க அதற்கு அதிகாரமில்லை. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரிற் காலாவதியானது. அதன்பின் மக்கள் தெரிவுசெய்யாத ஆளுநரே மாகாணத்தை நிருவகிக்கின்றார். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய தேர்தல் முறையை நீக்கியது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. பழைய விகிதாசார முறையை மீட்க ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். 2024இல் 159 ஆசனங்களைப் பெற்ற அரசாங்கத்திற்கு இது முடியாத காரியமா? முடியாமையன்று, மனமின்மையே தடை.

தமிழ்க் கட்சிகளுக்கும் ஒன்று கூறுவோம். தவிசாளர் கதிரைக்காகச் சண்டையிடுவதற்கு மக்கள் வாக்களிக்கவில்லை. மாகாண சபைத் தேர்தலை ஒரே குரலிற் கோருங்கள். அதில் ஒன்றாக நில்லுங்கள். தவறின், நவம்பரில் விழுந்த அடி மீண்டும் விழும்.