ஜேடிடி வேறு லீக்குக்குப் போயிட முடியுமா? பாலத்தின் இரு பக்கமும் நடந்ததைப் பார்த்தால் பதில் தெரியும்

ஜொகூர் பாருவில் ஆட்டம் முடிந்த இரவு ஏதாவது ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். "ஜேடிடி ஜெயிச்சதா?" என்று யாரும் கேட்பதில்லை. "அண்ணே, இன்னிக்கு எத்தனை கோல்?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஜொகூர் டாருல் தாசிம், அதாவது ஜேடிடி, 2014-இல் முதல் முறையாக மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2024–25 பருவம் வரை அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தொடர்ச்சியாக 11 பட்டங்கள். 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்று, அதைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசிய அணியாகவும் ஆனது. இஸ்கண்டார் புத்ரியில் 2020-இல் திறக்கப்பட்ட அதன் அரங்கத்தில் 40,000 பேர் உட்காரலாம்.

அதனால்தான் ரசிகர்களிடம் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. போட்டியே இல்லாத லீக்கில் எதுக்கு இருக்கணும்? சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போயிடலாமே?

கேட்க எளிமையான கேள்விதான். பதில் அவ்வளவு எளிமை இல்லை.

அமெரிக்காவில் மட்டும் எப்படி மாறுகிறார்கள்?

லீக் மாறுவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டைப் பாருங்கள். (அங்கே 'ஃபுட்பால்' என்றால் நம்ம காற்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்.) அங்கு பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்து விளையாடுகின்றன. எந்தக் கூட்டமைப்பில் இருப்பது என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். சேர்த்துக்கொள்ளும் கூட்டமைப்பு ஒத்துக்கொண்டால் போதும்.

விளைவு என்ன? மேற்குக் கரையின் புகழ்பெற்ற 'பேக்-12' கூட்டமைப்பிலிருந்த 12 பல்கலைக்கழகங்களில் 10, 2024-க்குள் வெளியேறின. காரணம், தொலைக்காட்சி ஒளிபரப்புப் பணம். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபர்ட், அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது ஒரேகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும்தான்.

அந்த இரண்டும் சும்மா இருக்கவில்லை. ஒரு கூட்டமைப்புக்கு மேல்நிலை அங்கீகாரம் வேண்டுமென்றால் குறைந்தது 8 அணிகள் வேண்டும். அதனால் பக்கத்திலிருந்த, வசதி குறைந்த 'மவுண்டன் வெஸ்ட்' கூட்டமைப்பிலிருந்து 5 பல்கலைக்கழகங்களை இழுத்துக்கொண்டன. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

பெரியவர் போனார், நடுவில் இருந்தவர் அடிபட்டார், அவர் சின்னவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவோம்.

காற்பந்தில் ஏன் அப்படி முடியாது?

காற்பந்தில் ஒவ்வொரு கிளப்பும் தன் நாட்டுச் சங்கத்தின் கீழ் இருக்கிறது. வேறு நாட்டு லீக்கில் ஆட வேண்டுமென்றால் ஃபிஃபா விதிப்படி அது விதிவிலக்கான சூழலில் மட்டுமே முடியும். அதற்கும் சொந்த நாட்டுச் சங்கம், போகும் நாட்டுச் சங்கம், கண்ட அளவிலான கூட்டமைப்பு, ஃபிஃபா என எல்லாரும் அனுமதிக்க வேண்டும். ஒருவர் 'வேண்டாம்' என்றாலே கதை முடிந்தது.

விதிவிலக்குகள் உண்டு. வேல்ஸின் ஸ்வான்சி, கார்டிஃப் அணிகள் இங்கிலாந்து லீக்கில் ஆடுகின்றன. நியூசிலாந்தின் வெலிங்டன் ஃபீனிக்ஸ் 2007 முதல் ஆஸ்திரேலிய லீக்கில் இருக்கிறது. ஆக்லாந்து எஃப்சி 2024–25-இல் அதே லீக்கில் நுழைந்து, முதல் பருவத்திலேயே பட்டியலில் முதலிடம் பிடித்தது.

ஆனால் உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம வாசலிலேயே இருக்கிறது.

பாலத்தைத் தாண்டி வந்தவர்கள்

மலேசியக் கிண்ணத்தில் சிங்கப்பூர் வெளி அணியாக இருந்ததே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஆடியது. அதை 24 முறை வென்றிருக்கிறது. 1994-இல் லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டும் அதற்குத்தான். ஷா ஆலாமில் நடந்த இறுதியாட்டத்தில் பகாங்கை 4–0 என வீழ்த்தியது. அடுத்த சில வாரங்களிலேயே, நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் எழுந்த தகராறில், 1995 தொடக்கத்தில் சிங்கப்பூர் விலகியது. 1996-இல் சொந்தமாக எஸ்.லீக்கை ஆரம்பித்தது.

17 ஆண்டுகள் கழித்து மறுபடி ஒரு முயற்சி. இரு நாட்டுச் சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 2012-இல் சிங்கப்பூரின் 'லயன்ஸ் ட்வெல்வ்' என்ற இளம் அணி மலேசிய சூப்பர் லீக்குக்கு வந்தது. பதிலுக்கு மலேசியாவின் 'ஹரிமாவ் மூடா' இளையர் அணி எஸ்.லீக்குக்குப் போனது. 2013-இல் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது யார் தெரியுமா? லயன்ஸ் ட்வெல்வ்தான். பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி. ஜேடிடி பட்டங்களை அடுக்க ஆரம்பித்ததற்கு முந்தைய ஆண்டு அது.

2015-இல் அந்த அணி எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டு இறுதியில், ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று மலேசியத் தரப்பு முடிவெடுத்தது. அணி கலைக்கப்பட்டது. கிண்ணம் வென்ற ஆட்டக்காரர்கள் அடுத்த பருவத்துக்கு வேறு கிளப் தேட வேண்டியதாயிற்று.

நன்றாக ஆடியதால் உள்ளே இருக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு முறையும் முடிவைத் திடலில் யாரும் எடுக்கவில்லை.

புரூணையின் பயணம்

இன்னொரு விருந்தாளி, புரூணையின் டிபிஎம்எம். முதலில் மலேசிய லீக்கில் ஆடியது. 2009-இல் சிங்கப்பூருக்கு மாறியது. அந்த ஆண்டே புரூணைக் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால், பருவத்தின் நடுவிலேயே வெளியேற்றப்பட்டது. ஆடிய லீக் ஆட்டங்களின் முடிவுகளும் ரத்தாயின. தப்பு கிளப் மீது இல்லை, ஆனாலும் தண்டனை கிளப்புக்கு.

2012-இல் திரும்பி வந்து, 2015-லும் 2019-லும் சிங்கப்பூர் லீக் பட்டத்தை வென்றது. 2025–26 பருவத்தில் மறுபடி மலேசிய சூப்பர் லீக்குக்கே வந்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2015-இல் பட்டம் வென்றது டிபிஎம்எம் என்றாலும், ஆசியப் போட்டிக்கான சிங்கப்பூரின் இடம் இரண்டாவதாக வந்த தெம்பனிஸ் ரோவர்ஸுக்குத்தான் போனது. விருந்தாளி அணி பட்டம் வாங்கலாம், ஆனால் அந்த நாட்டைப் பிரதிநிதிக்க முடியாது.

அப்படின்னா ஜேடிடி எதை இழக்கும்?

முதல் இழப்பு அதுதான். ஜேடிடியின் கனவே ஆசியா. 2022-லும் 2024–25-லும் ஆசிய வெற்றியாளர் லீக்கில் கடைசி 16 வரை போன அணி அது. அந்த வாசல் மலேசியப் பட்டம் வழியாகத்தான் திறக்கிறது. வேறு லீக்குக்குப் போனால் அது மூடிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆட்டக்காரர்கள். இங்கே உள்ளூர்க்காரர் என்று பதிவாகும் மலேசியர், வேறு லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரராகக் கணக்கிடப்படுவாரா? அதற்கும் தனியாக ஒப்பந்தம் பேச வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. அடுத்தவர் வீட்டில் இருக்கும்வரை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போதெல்லாம் பயம்தான். லயன்ஸ் ட்வெல்வுக்கு அது தெரியும்.

மற்ற அணிகள் எதை இழக்கும்?

அமெரிக்க வரிசைக்குத் திரும்புவோம்.

ஆசியப் போட்டிகளில் ஒரு நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை, அந்த நாட்டு கிளப்கள் சேர்க்கும் புள்ளிகளை வைத்து ஏஎஃப்சி தீர்மானிக்கிறது. மலேசியாவுக்கு அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பதில் ஜேடிடியின் பங்கு பெரியது. சிலாங்கூரோ சபாவோ ஆசியப் போட்டியில் ஆடுகிறது என்றால், அதற்குப் பின்னால் ஜேடிடியின் வெற்றிகளும் இருக்கின்றன. ஜேடிடி போனால் அந்தக் கணக்கு சரியும்.

லீக்கே ஏற்கனவே தள்ளாடுகிறது. 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிடியை எதிர்த்து நின்ற அணி ஸ்ரீ பகாங். அடுத்த பருவத்தில் அந்த அணியே லீக்கில் இல்லை. பேராக்கும் இல்லை. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மூன்றுமே பழைய, ரசிகர் கூட்டம் உள்ள மாநிலங்கள்.

பல்கலைக்கழக அணிக்கும் இதே கதிதான். யுஐடிஎம் அணி 2020-இல் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தபோது, அந்த மட்டத்தில் ஆடிய நாட்டின் முதல் பல்கலைக்கழக அணி என்று கொண்டாடினோம். 2021 முடிவில் இறங்கியது. 2023-இல் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கே இல்லாமல் போனபோது, புதிய சூப்பர் லீக் பட்டியலில் யுஐடிஎம் இடம்பெறவில்லை. ஸ்கூடாயிலோ ஷா ஆலாமிலோ படித்துக்கொண்டே ஆடும் மாணவருக்கு இருந்த ஒரு ஏணி போயிற்று.

ஜேடிடி ரொம்ப உயரத்தில் இருப்பதாகத்தான் நாம் பேசுகிறோம். கீழே தரை இறங்கிக்கொண்டிருப்பதும் அதே இடைவெளிக்குக் காரணம்.

வேற வழி இல்லையா?

இருக்கிறது. வீட்டைக் காலி செய்யாமலேயே வெளியே ஆடலாம். ஆசியான் கிளப் வெற்றியாளர் போட்டி 2024–25-இல் மறுபடி தொடங்கியது. 2025–26-இல் ஜேடிடியும் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸும் அதில் இடம்பெற்றன. செய்லர்ஸ் 2025-இல் ஆசிய வெற்றியாளர் லீக்கின் இரண்டாம் நிலைப் போட்டியில் இறுதியாட்டம் வரை போன அணி. சொந்த லீக்கை விடாமல் வலுவான எதிராளியைச் சந்திக்க இது ஒரு வாசல்.

ஆனால் அதுவும் பாதி மருந்துதான். வார நடுவில் நல்ல எதிராளி கிடைத்தாலும், வாரக் கடைசியில் திரும்பி வருவது அதே லீக்குக்கு. சம்பளத்தை நேரத்துக்குக் கொடுக்கக்கூடிய கிளப்களுக்கு மட்டும் உரிமம், இரண்டாம் நிலை லீக்குக்கு உயிர், மாநில அணிகளுக்கு நிலையான வருமானம். இவை இல்லாமல் ஜேடிடிக்கு உள்ளூரில் ஒரு நிஜமான எதிராளி வரப்போவதில்லை.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. அத்தனை பேர் தாண்டலாம். ஒரு காற்பந்து கிளப் தாண்ட வேண்டுமென்றால் நான்கு கையெழுத்து வேண்டும். அப்படியே தாண்டினாலும் அங்கே அது விருந்தாளிதான்.

அடுத்த முறை மாமாக் கடையில் "ஜேடிடி ஏன் இன்னும் இங்கேயே இருக்கு?" என்று யாராவது ஆரம்பித்தால், திருப்பிக் கேளுங்கள்: "பகாங் ஏன் இப்ப இல்ல?" நமக்குப் பதில் வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.